நிரப்பப்பட்ட பக்கம்

சில மாதங்களுக்கு முன், ஒரு கல்லூரியின் ஆண்டு மலருக்கு விதிமுறைகள் வகுக்கும் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். பணி ஓய்வு பெற்றவன், வேறொரு கல்லூரியில் மலர்ப் பொறுப்பாசிரியராகப் பதினோரு ஆண்டுகள் இருந்தவன் என்பதால் அழைத்திருக்க வேண்டும். முந்தைய ஆண்டு மலரில் ஒரு கவிதை வந்து, அதனால் யாரோ வருத்தப்பட்டு, மலர்க் கட்டுகள் ஓர் அறையில் பூட்டி வைக்கப்பட்டு, மாணவர்கள் வாயிலில் அமர்ந்து, கடைசியில் எல்லோரும் களைத்துப்போன பிறகு அமைக்கப்பட்ட குழு அது. முதல் கூட்டத்தில் இளம் பேராசிரியர் ஒருவர் என் பக்கம் திரும்பி, "உங்கள் காலத்தில் இப்படி எதையாவது நீக்க வேண்டி வந்ததா, ஐயா?" என்று கேட்டார். "இல்லை, நான் எதையும் தணிக்கை செய்ததில்லை" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, பெயரைக் கேட்டால் சொல்வதுபோல் சொன்னேன். கூட்டம் முடிந்து படியிறங்கும்போதுதான், இரண்டாம் தளத்துக்கும் முதல் தளத்துக்கும் நடுவில், அந்தப் பெண்ணின் கட்டுரை நினைவுக்கு வந்தது.

பொய் சொல்லிவிட்டோமே என்பது முதல் உறுத்தல். ஆனால் பொய் சொல்பவனுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அந்த நொடியில் அது தெரியவே இல்லை. பத்தொன்பது ஆண்டுகளாக என்னைப் பற்றி நான் வைத்திருந்த கணக்கில் அந்தச் செயல் எந்தத் தலைப்பின்கீழும் பதிவாகவில்லை. மேடைகளில் கருத்துரிமை பற்றிப் பேசியிருக்கிறேன். புத்தகங்கள் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டபோது கண்டன அறிக்கைகளில் கையெழுத்திட்டிருக்கிறேன். அப்போதெல்லாம்கூட நினைவுக்கு வராத ஒன்று, ஒரு சாதாரணக் கேள்விக்குப் பொய்யான பதில் சொன்ன பிறகு வந்து நிற்கிறது. எப்படி இவ்வளவு முழுமையாக மறக்க முடிந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியதற்குக் காரணம்.

நடந்தது இவ்வளவுதான். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி மலருக்கு இரண்டு பக்கக் கட்டுரை கொடுத்திருந்தாள். ஒரு பருவம் முழுக்க, தன் வகுப்பில் மாணவர்கள் எழுந்து கேட்ட கேள்விகளை அவள் எண்ணியிருந்தாள். குறிப்பேட்டின் கடைசித் தாளில் பாடவாரியாகக் கட்டம் போட்டு, ஒரு கேள்விக்கு ஒரு செங்குத்துக் கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்குக் கோடு என்று குறித்து வைத்திருந்தாள். அந்தத் தாளையும் என்னிடம் காட்டினாள். பென்சில் கோடுகள், சில இடங்களில் நகர்ந்த விரல்பட்டு மங்கியிருந்தன. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை எழுத்துத் தேர்வு மட்டுமே தீர்மானித்த பாடங்களில் கோடுகள் பருவத்தின் இறுதிவரை தொடர்ந்தன. அந்த மதிப்பெண் ஒரே ஆசிரியரின் கையில், அவருடைய அபிப்பிராயத்தில் இருந்த ஒரு பாடத்தில் மூன்றாவது வாரத்துக்குப் பிறகு ஒரு கோடுகூட இல்லை. முதல் இரண்டு வாரங்களில் கேள்வி கேட்ட இருவருக்கு என்ன நடந்தது என்பதை ஒரே வரியில், எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் எழுதிவிட்டு, அவள் இப்படித் தொடர்ந்திருந்தாள்: கேள்விகள் தீர்ந்துபோகவில்லை, வகுப்பு முடிந்ததும் நடைவழியில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நல்ல உரைநடை. எங்கும் ஒரு பெயர் இல்லை, பாடத்தின் பெயர்கூட இல்லை. நான் மகிழ்ச்சியோடு தேர்ந்தெடுத்தேன், மெய்ப்பில் இரண்டு ஒற்றுப் பிழைகளைத் திருத்தினேன், பக்கங்களுக்கு ஒப்புதலும் கொடுத்துவிட்டேன். அன்று மாலை வீட்டில் இருக்கும்போது, அந்த ஆசிரியர் மலரைப் பிரித்து 46ஆம் பக்கத்தைப் படிப்பதை மனத்துக்குள் பார்த்தேன். அவர் ஒரு துறைத்தலைவர். ஆசிரியர் ஓய்வறையில் நாள்தோறும் என் எதிர் நாற்காலியில் அமர்பவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பெயர் இல்லாவிட்டாலும் அவருக்குப் புரியும், மற்றவர்களுக்கும் புரியும். தொலைபேசியை எடுத்து அச்சகத்தை அழைத்து, 46, 47 இரண்டையும் எடுத்துவிடச் சொன்னேன். பக்கம் அமைப்பவர் மறுபேச்சுப் பேசவில்லை. "அங்கே என்ன போடுவது, ஐயா?" என்று மட்டும் கேட்டார். விளையாட்டு விழாப் படம் ஏதாவது இருக்கும், அதைப் பெரிதாக்கிப் போடுங்கள் என்றேன். அவர் எடுத்துப் போட்டது தடை ஓட்டப் படம். அதற்கு நான் தொலைபேசியிலேயே சொன்ன தலைப்பு: "தடைகளைத் தாண்டும் இளமை." இதை ஒரு மாணவர் சிறுகதையில் எழுதியிருந்தால், மிகையாக இருக்கிறது என்று நானே அடித்திருப்பேன்.

யாரும் சொல்லாத உத்தரவு

கல்வி வளாகத்தில் தணிக்கை என்றதும் நம் மனத்தில் வரும் காட்சிகளில் எப்போதும் ஓர் உத்தரவு இருக்கிறது. வரலாற்றிலும் அப்படிப்பட்ட உத்தரவுகளுக்குக் குறைவில்லை. 1819 மார்ச்சில் கார்ல் சாண்ட் என்ற இறையியல் மாணவர் நாடக ஆசிரியர் கோட்செபுவைக் குத்திக் கொன்றதைச் சாக்காக வைத்து, ஒரே கூட்டமைப்பில் இருந்த ஜெர்மானிய அரசுகள் அதே ஆண்டு செப்டம்பரில் கார்ல்ஸ்பாத் ஆணைகளைக் கொண்டுவந்தன. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் அரசின் பிரதிநிதி ஒருவர் அமர்ந்து விரிவுரைகளின் போக்கைக் கவனிக்க வேண்டும். தீய கருத்துகளைப் பரப்பியதாக ஓர் அரசு நீக்கிய ஆசிரியரைக் கூட்டமைப்பின் வேறெந்த அரசும் வேலைக்கு எடுக்கக் கூடாது. அந்த ஆணைகளில் என்னை எப்போதும் ஈர்க்கிற ஒரு பிரிவு உண்டு. 20 அச்சுத்தாள்களுக்கு, அதாவது 320 பக்கங்களுக்கு மிகாத வெளியீடுகள் அனைத்தும் முன்தணிக்கைக்கு உட்பட்டவை. அதைவிடப் பருத்த நூல்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பருத்த நூலை யார் வாங்குவார்கள், யார் முழுதாகப் படிப்பார்கள் என்று அரசுக்குத் தெரிந்திருந்தது. அஞ்ச வேண்டியவை துண்டறிக்கையும் மாணவர் இதழும்தான் என்பதை அத்தனை துல்லியமாகக் கணக்கிட்டவர்களை மூடர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் என் கதையில் அரசும் இல்லை, ஆணையும் இல்லை. முதல்வர் எதையும் கேட்கவில்லை. மலர் வெளிவரும்வரை அவர் அட்டையைத் தவிர வேறெதையும் பார்த்ததாக நினைவில்லை. துறைத்தலைவருக்கு அப்படியொரு கட்டுரை இருந்ததே தெரியாது, இன்றுவரை தெரியாது. அவருடைய மனம் நோகும் என்று நான்தான் ஊகித்தேன். அந்த ஊகத்தின் மீது நானே ஓர் உத்தரவைப் பிறப்பித்து, நானே அதை நிறைவேற்றினேன். அதிகாரத்தில் இருப்பவர் வாய் திறக்கும் முன்பே அவர் விருப்பத்தை அறிந்து செய்து முடிக்கும் பழக்கத்துக்கு நம் நிறுவனங்களில் 'சூழலைப் புரிந்தவர்' என்று பெயர். அந்தப் பெயர் எனக்கு இருந்தது. பதினோரு ஆண்டுகள் தொடர்ந்து ஒருவரை மலர்ப் பொறுப்பில் வைத்திருக்கிறார்கள் என்றால் அவருடைய இலக்கண அறிவுக்காக மட்டும் வைத்திருக்க மாட்டார்கள் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

அச்சகத்துக்கு நான் செய்த அழைப்பை நினைக்கும்போதெல்லாம் இன்னொரு தொலைபேசி அழைப்பும் நினைவுக்கு வருகிறது. 2000ஆம் ஆண்டில், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள கவர்னர்ஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டீன் ஒருவர், மாணவர் இதழை அச்சிட்ட அச்சகத்தைத் தொலைபேசியில் அழைத்து, இனி நிர்வாகம் பார்க்காமல் எந்த இதழையும் அச்சிடக் கூடாது என்றார். இதழின் ஆசிரியர்களான மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஹோஸ்டி எதிர் கார்ட்டர் என்று அறியப்படும் அந்த வழக்கில் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு டீனுக்குச் சாதகமாகவே முடிவு செய்தது. நியாயமான கல்விக் காரணம் இருந்தால் பள்ளி இதழ்களை நிர்வாகம் தணிக்கை செய்யலாம் என்று 1988இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோலையே கல்லூரி இதழ்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்றது. மாணவர்கள் தோற்றார்கள், அந்த இதழும் நின்றுபோனது. ஆனால் அந்தத் தோல்வியின் எதிரொலியாக இல்லினாய் சட்டமன்றம் 2007இல் கல்லூரி இதழ்களுக்கு முன்தணிக்கை கூடாது என்று ஒரு சட்டமே இயற்றியது. அந்த டீனின் அழைப்பு எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாக இருந்ததால் அதை எதிர்க்க முடிந்தது, அதைப் பற்றி வாதாட முடிந்தது, கடைசியில் அதற்கு எதிராகச் சட்டம் செய்யவும் முடிந்தது. என் அழைப்பு யாருக்கும் தெரியாது. அந்த டீன் என்னைவிட நேர்மையாக நடந்துகொண்டார் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. அவர் தடுக்கிறேன் என்று சொல்லித் தடுத்தார்.

வெறுமனே விட்டுவிடலாமா

மறுநாள் அந்த மாணவி வந்தாள். மாணவர் ஆசிரியர் குழுவிலும் அவள் இருந்ததால் அச்சகத்திலிருந்து செய்தி போயிருக்கிறது. அழுகையோ கோபமோ இருக்கும் என்று நான் ஆயத்தமாக இருந்தேன். அப்படி எதுவும் இல்லை. மேசைக்கு எதிரே நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கட்டுரையில் ஏதாவது தவறா, ஐயா?"

"தவறு ஒன்றும் இல்லை, அம்மா. நன்றாகவே எழுதியிருக்கிறாய். இந்த ஆண்டு வேண்டாம் என்று பார்த்தேன்."

"முதல்வர் சொன்னாரா?"

"இல்லை."

"துறைத்தலைவர்?"

"அவர் பார்க்கவே இல்லை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "சரிங்க ஐயா. அந்த இரண்டு பக்கத்தையும் வெறுமனே விட்டுவிடலாமா? தலைப்பு மட்டும் இருக்கட்டும். என் பெயர்கூட வேண்டாம்" என்றாள்.

அச்சுப்பிழை என்று நினைத்துவிடுவார்கள் என்றேன். "நினைக்கட்டும், ஐயா" என்றாள். படம் வைத்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அது உண்மையில்லை. அச்சு அதற்கும் மூன்று நாள் கழித்துத்தான் தொடங்கியது.

அன்று அவளுடைய வேண்டுகோளை ஒரு சின்னப் பிடிவாதமாகத்தான் எடுத்துக்கொண்டேன். உள்ளே எரிச்சலும் இருந்தது. படியில் நினைவு வந்த நாளிலிருந்து அந்த ஐந்து நிமிடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். அவள் கட்டுரையைப் போடச் சொல்லி வாதாடவில்லை. வெட்டுவதற்கு எனக்கிருந்த அதிகாரத்தை அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள். வெட்டினேன் என்பது தெரிய வேண்டும், அது போதும் என்றாள். நான் கட்டுரையை மறுத்ததோடு நிற்காமல் அந்தச் சிறிய இடத்தையும் மறுத்தேன். இரண்டில் எது பெரிய தவறு என்று என்னைக் கேட்டால், இன்று தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன். முதலாவதற்காவது, சக ஆசிரியர் மனம் நோகும் என்று ஒரு காரணம் இருந்தது. வெற்றுப் பக்கம் யார் மனத்தையும் நோகச் செய்திருக்காது. அது எனக்கு மட்டும்தான் தொந்தரவாக இருந்திருக்கும். ஏனென்றால், இங்கே என்ன இருந்தது என்று கேட்டு என்னிடம்தான் வந்திருப்பார்கள்.

வெற்றிடத்தின் இந்தச் சக்தியை அந்த மாணவி எங்கும் படித்துத் தெரிந்துகொண்டிருக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு பழைய மரபு இருக்கிறது. கார்ல்ஸ்பாத் ஆணைகளின் காலத்தில் தணிக்கையாளர் வெட்டிய இடங்கள் ஜெர்மன் அச்சில் வெறும் கோடுகளாகத் தொங்கின. கவிஞர் ஹைன்ரிஷ் ஹைன 1827இல் வெளியிட்ட ஒரு நூலில் ஒரு முழு அத்தியாயத்தையே அந்தக் கோடுகளால் நிரப்பினார். தொடக்கத்தில் 'ஜெர்மானியத் தணிக்கையாளர்கள்' என்றிருக்கும். பிறகு வரிவரியாகக் கோடுகள். நடுவே தனியாக 'மடையர்கள்' என்ற ஒரே சொல். அதை எந்தத் தணிக்கையாளரும் வெட்டவில்லை. வெட்டப்பட்ட தோற்றத்தை ஹைன தாமே உண்டாக்கினார். நம் நாட்டில், நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாளான 1975 ஜூன் 28 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு வெளியிட்டது. அதன் பிறகு வந்த தணிக்கை நெறிமுறைகள் தலையங்கப் பகுதியை வெறுமையாக விடுவதையே தடை செய்தன. எதையும் சொல்லாத ஒரு பகுதியைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. அந்த அதிகாரிகளுக்குப் புரிந்திருந்தது எனக்கும் உள்ளுக்குள் புரிந்திருந்தது; அதனால்தான் பக்கம் அமைப்பவர் கேட்டவுடன், ஒரு கணமும் யோசிக்காமல், படம் போடச் சொன்னேன்.

மறந்துபோனதற்கும் காரணம் அந்தப் படம்தான். அந்த மலர் என் அலமாரியில் இருக்கிறது. பத்தொன்பது ஆண்டுகளில் எத்தனையோ முறை அதைப் புரட்டியிருப்பேன். 46ஆம் பக்கத்தில் ஒரு பையன் காலை நீட்டித் தடையைத் தாண்டிக்கொண்டிருக்கிறான், பின்னால் இருவர் வாயைத் திறந்து கத்துகிறார்கள். பார்க்கப் பார்க்க, அங்கே எப்போதும் அந்தப் படம்தான் இருந்தது என்று நானும் நம்பிவிட்டேன்.

கையெழுத்துப் போட முடிந்த காரணம்

இதையெல்லாம் படிப்பவர்கள் நான் எதையும் நீக்கக் கூடாது என்ற கட்சிக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். வேறோர் ஆண்டில் இன்னொரு படைப்பையும் நீக்கியிருக்கிறேன். அது எப்போதும் நினைவில் இருக்கிறது; ஆனால் அதைத் தணிக்கை என்று நான் எண்ணியதில்லை. ஒரு மாணவன், தன் வகுப்புத் தோழி ஒருத்தியின் உடலைக் கேலி செய்து, யாரென்று எல்லோருக்கும் தெரியும்படி நகைச்சுவைத் துணுக்கு எழுதியிருந்தான். கூப்பிட்டு, இது வராது, காரணம் இன்னது என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவன் கருத்துரிமை என்றான். நான் அசையவில்லை. இன்று வந்தாலும் நீக்குவேன்.

இரண்டு நீக்கங்களுக்கும் என்ன வேறுபாடு என்று யோசிக்கும்போது, மென்மை, கடுமை, நாகரிகம் போன்ற சொற்கள் உதவவில்லை. நாகரிகம் என்பது மிகவும் வழுக்கலான அளவுகோல். 1973இல் மிசௌரி பல்கலைக்கழக மாணவி ஒருவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: ஒரு கருத்து ரசனைக்கு எவ்வளவு ஒவ்வாததாக இருந்தாலும், நாகரிக மரபுகளின் பெயரால் மட்டும் அது வளாகத்தில் பரவுவதை அரசுப் பல்கலைக்கழகம் தடுத்துவிட முடியாது. நாகரிகம் என்ற பெயரில் எதுவரை போகலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் உதாரணம் கென்டக்கி ஸ்டேட் பல்கலைக்கழகம். அங்கே 1994இல் மாணவர்கள் தயாரித்த ஆண்டு மலரைக் கட்டுக்கட்டாக எடுத்து அறைக்குள் பூட்டிவைத்தார்கள். சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அட்டை ஊதா நிறத்தில் இருந்தது என்பது. கல்லூரியின் நிறங்கள் பச்சையும் பொன்னிறமுமாம். அந்தப் பூட்டு தவறு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னபோது 2001 ஆகியிருந்தது. மலரில் படம் வந்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் படிப்பை முடித்துப் போயிருப்பார்கள்.

நான் கண்ட வேறுபாடு எளியது. காரணத்தை ஒரு வரியில் எழுதி, கீழே என் பெயரைப் போட்டு, அந்தப் பக்கத்திலேயே அச்சிட முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். 'ஒரு மாணவியின் உடலைக் கேலி செய்ததால் இத்துணுக்கை நீக்கினேன்' என்று நான் எங்கேயும் அச்சிடுவேன். 'ஒரு துறைத்தலைவரின் மனம் நோகலாம் என்று நானாக எண்ணியதால் இக்கட்டுரையை நீக்கினேன்' என்று அச்சிட எனக்கு நாக்கூசும். அப்படி அச்சிடுவதைவிடக் கட்டுரையையே போட்டுவிடலாம் என்று அப்போதே தோன்றியிருக்கும். இந்தச் சோதனையில் ஓட்டை இல்லாமல் இல்லை. வெட்கமே இல்லாதவர்கள் எந்தக் காரணத்தின் கீழும் கையெழுத்திடுவார்கள். ஆனால் எழுதப்பட்ட காரணத்தை இன்னொருவர் படித்து மறுக்கலாம். என் மனத்துக்குள் இருந்த காரணத்தை மறுக்க அந்தப் பெண்ணுக்கு வழியே இல்லை; அவள் கேட்டபோது நான் காரணத்தைச் சொல்லவும் இல்லையே. 'இந்த ஆண்டு வேண்டாம்' என்பதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்?

நீதிமன்றங்கள் இந்தப் பாதையில் நம்மைவிட முன்னால் போயிருக்கின்றன. இடஒதுக்கீட்டை விமர்சித்த ஒரு தமிழ்த் திரைப்படம் தொடர்பான எஸ்.ரங்கராஜன் வழக்கில், 1989இல் நம் உச்ச நீதிமன்றம், ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வரும் என்ற மிரட்டலைக் காட்டிக் கருத்தை ஒடுக்க முடியாது என்றது. எதிர்ப்பவர்களைச் சமாளிக்க இயலவில்லை என்று அரசு கைவிரிக்கக் கூடாது, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறிபோல ஆபத்து அவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்றது. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்த 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு, ஒரு கருத்தை விவாதிப்பது, அதற்காக வாதாடுவது, வன்முறைக்குத் தூண்டுவது என்று மூன்று படிகளைப் பிரித்து, மூன்றாம் படியில்தான் அரசு குறுக்கிடலாம் என்றது. கல்லூரி அறைகளில் நாங்கள் எடுக்கும் முடிவுகளோ, யாராவது வருத்தப்படுவார்களோ என்ற கேள்வியோடு முடிந்துவிடுகின்றன. முதல் படிக்குக்கூட நாங்கள் ஏறுவதில்லை.

இதில் மாணவர்களையும் ஒதுக்கி வைக்க முடியாது. விதிமுறைக் குழுவுக்காகப் பழைய கோப்புகளைப் பார்த்தபோது, கவிதைக்காக வாயிலில் அமர்ந்த அதே மாணவர் அமைப்பு, அதற்கு முந்தைய ஆண்டு ஒரு பேச்சாளரை அழைக்கக் கூடாது என்று மனுக் கொடுத்திருந்தது தெரிந்தது. பேச்சை நிறுத்துவதற்கு அவர்கள் எழுதிய காரணமும், கவிதையைப் பூட்டுவதற்கு நிர்வாகம் எழுதிய காரணமும் சொல்லுக்குச் சொல் ஒன்றாகவே இருந்தன: வளாகத்தின் அமைதி. அமெரிக்காவின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1964 அக்டோபர் 1 அன்று, வளாகத்தில் அரசியல் பிரசாரம் கூடாது என்ற தடையை மீறி மேசை போட்டு அமர்ந்திருந்த ஒருவரைக் கைது செய்து ஏற்றிய காவல்துறை வண்டியை மாணவர்கள் சூழ்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். 32 மணி நேரம் வண்டி நகரவில்லை. அதன் கூரையே மேடையாயிற்று. மாணவர் தலைவர்களில் ஒருவரான மாரியோ சாவியோ வண்டிக்குச் சேதம் வரக் கூடாதென்று காலணிகளைக் கழற்றிவிட்டு மேலே ஏறிப் பேசினார். இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 8 அன்று, ஆசிரியர் பேரவை 824க்கு 115 என்ற வாக்குகளில் மாணவர்கள் பக்கம் நின்றது: நேரம், இடம், முறை ஆகியவற்றைப் பல்கலைக்கழகம் ஒழுங்குபடுத்தலாம், பேச்சின் உள்ளடக்கத்தை அல்ல. அதே வளாகத்தில் 2017 பிப்ரவரி 1 அன்று ஒரு பேச்சாளரின் கூட்டம் எதிர்ப்பாளர்களின் வன்முறையால் ரத்து செய்யப்பட்டது. அந்தப் பேச்சாளர் சொல்வதில் எனக்கு எந்த உடன்பாடும் இல்லை. ஆனாலும், காலணியைக் கழற்றிவிட்டு ஏறிய அந்தக் கால்களை எண்ணிக்கொள்ளாமல் அந்தச் செய்தியை என்னால் படிக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு

அந்த மாணவிக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வாழ்க்கையில் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு மலரில் என்ன ஆயிற்று என்பது தெரியும், அதுவும் அலமாரியில்தான் இருக்கிறது. அவள் இறுதியாண்டில் இருந்தாள். ஏதாவது எழுதித் தா, அம்மா என்று நானே கேட்டேன். பரிகாரம் செய்வதாக ஓர் எண்ணம். மறுநாளே ஒரு கவிதை கொண்டுவந்து தந்தாள். மழையைப் பற்றியது. அழகான சொற்கள், ஒரு சந்திப் பிழைகூட இல்லை, யாரும் எங்கும் நோவதற்கு அதில் எதுவும் இல்லை. அதை 5ஆம் பக்கத்தில், முதல்வரின் வாழ்த்துரைக்கு அடுத்து, கட்டம் கட்டிப் போட்டேன். வகுப்பில் எல்லோர் முன்னும் பாராட்டினேன். அவள் எழுந்து நின்று, "நன்றி, ஐயா" என்றாள். அவளுடைய குறிப்பேட்டின் கடைசித் தாளில் என் வகுப்புக்கான கட்டத்தில் எத்தனை கோடுகள் இருந்தன என்பதை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

குழுவின் இரண்டாவது கூட்டத்தில், போன கூட்டத்தில் நான் சொன்னது தவறு என்று தொடங்கி இதையெல்லாம் சொன்னேன். யாரும் அதிர்ச்சியடையவில்லை. இரண்டு பேர் தங்கள் கதைகளைச் சொன்னார்கள். இரண்டிலும் உத்தரவு இல்லை, இரண்டிலும் பக்கம் நிரப்பப்பட்டிருந்தது. பிறகு நான் எழுதிக்கொண்டு போயிருந்த விதியைப் படித்தேன்: பொறுப்பாசிரியர் தேர்வான படைப்பு எதையேனும் நீக்கினால், அதன் தலைப்பும் நீக்கியவரின் பெயரும் காரணமும் அதே பக்கத்தில் அச்சிடப்பட வேண்டும், எஞ்சிய இடம் நிரப்பப்படக் கூடாது. தாள் வீணாகும் என்றார் ஒருவர். வெளியார் பார்த்தால் கல்லூரிக்கு அழகில்லை என்றார் இன்னொருவர். ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பேசி, கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். மொத்தம் ஒன்பது விதிகள், என்னுடையது ஆறாவது.

சென்ற வாரம் இறுதிப் படி அஞ்சலில் வந்தது. நல்ல தாள், முத்திரை, முதல்வரின் கையொப்பம். எட்டு விதிகள் இருந்தன. ஆறாவது விதி மலரின் பக்க அளவைப் பற்றிப் பேசியது. ஒருங்கிணைப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, அந்த விதியை நீக்கியது யார் என்று கேட்டேன். நல்ல பிள்ளை; என் மீது மரியாதை உள்ளவர்.

"குறிப்பாக யாரும் சொல்லவில்லை, ஐயா. முதல்வர் அலுவலகத்துக்குப் போனால் கேள்வி வரும் என்று தட்டச்சு செய்யும்போதே எடுத்துவிட்டோம்" என்றார். நான் பேசாமல் இருந்தேன். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அவரே தொடர்ந்தார்: "எண்களை வரிசையாக மாற்றிவிட்டோம், ஐயா. ஒன்று குறைவது யாருக்கும் தெரியாது."